ஒப்பரேசனுக்குப் பிறகு எவ்வளவு நோகும்? முன்கூட்டியே கணிக்க முடியுமா?

கர்ப்பப்பை இறக்கத்துக்கு ஒப்பரேசன் என்று கிளினிக் கொப்பியில் திகதி எழுதியாயிற்று. வீட்டுக்கு வந்த கையோடு பக்கத்து வீட்டு அக்காவிடமும், கனடாவில் இருக்கும் தங்கச்சியிடம் போனிலும் கேட்பது ஒரே கேள்விதான்: "கனக்க நோகுமோ?" பதில் இரண்டு விதமாக வரும். "ஐயோ, நான் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும்" என்பார் ஒருவர். "சும்மா பயப்படாதேங்கோ, மூன்றாம் நாளே நான் எழும்பித் தேத்தண்ணி போட்டனான்" என்பார் மற்றவர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒரே வைத்தியசாலை, ஒரே வைத்திய நிபுணர், ஒரே வகைச் சத்திரசிகிச்சை என்றாலும் நோ ஆளுக்கு ஆள் மாறத்தான் செய்யும்.

ஏன் மாறுகிறது, கத்தி வைக்க முன்னரே அதை ஓரளவுக்காவது கணிக்க முடியுமா என்பதை இங்கே பார்ப்போம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானோர் நினைப்பது, கர்ப்பப்பை எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறதோ அவ்வளவுக்கு ஒப்பரேசனுக்குப் பிறகு நோகும் என்று. ஆராய்ச்சிகள் அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பெண் ஏற்கனவே என்ன நோவோடு, என்ன பயத்தோடு, எத்தனை நாள் நித்திரை இல்லாமல் ஒப்பரேசன் தியேட்டருக்குள் போகிறார் என்பதுதான் கூடுதலாகப் பேசுகிறது.

எந்த ஒப்பரேசன்

பெண்ணின் இடுப்பெலும்புக்கு அடியில் தசைகளும் நார்த்திசுக்களும் சேர்ந்த ஒரு தளம் இருக்கிறது. சலப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுதான். பிள்ளைப்பேறு, வயது, மாதவிடாய் நின்றபின் ஓமோன் குறைவது, விடாத இருமல், மலச்சிக்கல், பாரம் தூக்குவது என்று பல காரணங்கள் சேர்ந்து அந்தத் தளம் தளரும்போது, மேலே இருப்பவை யோனிவழியாகக் கீழிறங்குகின்றன. இணுவில் மக்லியட் ஆசுப்பத்திரியிலோ, வீட்டில் மருத்துவிச்சியின் கையிலோ ஐந்து ஆறு பிள்ளை பெற்று, துடக்குக் கழிந்த கையோடு வெங்காயத் தறைக்குத் தண்ணி கட்டப் போன தலைமுறையில் இது அரிய நோய் அல்ல. "கீழே ஏதோ தள்ளிக்கொண்டு நிற்குது", "சலம் முழுக்கப் போன மாதிரி இல்லை", "பின்னேரமானால் நாரி இழுக்குது" என்பவை வழமையான முறைப்பாடுகள். பாரமும் இழுவையும்தான் அதிகம்; கடும் நோ என்று வருபவர்கள் குறைவு. இது கவனிக்கவேண்டிய விடயம், பிறகு வரும்.

எல்லோருக்கும் கத்தி தேவையில்லை. இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, உள்ளே வைக்கும் வளையம் ஆகியவற்றோடு சமாளிப்பவர்கள் பலர். சத்திரசிகிச்சை என்று வந்தால், அதிலும் பல வகை. யோனிவழியாகக் கர்ப்பப்பையை அகற்றி, முன்சுவரையும் பின்சுவரையும் இறுக்கித் தைப்பது பழக்கமான முறை. வயிற்றில் வெட்டு இல்லாததால், வயிற்றைத் திறந்து செய்வதோடு ஒப்பிட்டால் பொதுவாக நோ குறைவு.

எங்கே நோகும் என்பதை வகையை வைத்தே பெருமளவுக்குச் சொல்லிவிடலாம். பின்சுவரைத் தைத்தால் நிமிர்ந்து இருக்கும்போதும் மலம் கழிக்கும்போதும் நோகும். யோனியின் மேல்முனையை இடுப்புக்குள் ஆழத்தில் எலும்புகளை இணைத்து நிற்கும் ஒரு நார்ப்பட்டியோடு சேர்த்துத் தைக்கும் முறை ஒன்று உண்டு. அந்தத் தையல் பெரும்பாலும் வலப்பக்கத்தில் போடப்படும், பக்கத்தில் நரம்புகள் ஓடுகின்றன. அதனால் ஒப்பரேசன் செய்த இடத்தை விட்டுவிட்டு வலப்பக்கப் பிட்டத்தில் நோகும். பெரும்பாலானவர்களுக்குச் சில நாட்களிலோ, பிந்தினால் ஆறு கிழமைக்குள்ளோ அது அடங்கிவிடும். இதை முன்பே சொல்லிவிட்டால் அந்தப் பெண் "சரி, டொக்டர் சொன்ன நோ இதுதான்" என்று இருப்பார். சொல்லாமல் விட்டால், எங்கேயோ பிழைத்துவிட்டது என்று இரவு முழுக்க முழித்திருப்பார். வயிற்றில் சிறு துளைகள் போட்டுக் கமராவால் செய்யும் முறையில் உள்ளே அடைத்த வாயுவினால் தோள்மூட்டு நோகக்கூடும். சலம் கசிவதைத் தடுக்க வைக்கும் பட்டிகளில், தொடைப்பக்கமாகச் செலுத்தும் வகையில் கவட்டில் நோ வரலாம். யோனிவழியாக வலை வைத்து இறக்கத்தைத் திருத்தும் முறையில் நீடித்த நோ உட்படப் பல முறைப்பாடுகள் வந்ததால், 2019 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அதற்கான வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொல்லிவிட்டது.

ஆக, "எங்கே" என்ற கேள்வி லேசானது. "எவ்வளவு" என்பதுதான் சிக்கல்.

நோவை எண்ணாக்குவது

கணிப்பதற்கு முதலில் அளக்கவேண்டும். சீனி, பிரஷர் போல நோவுக்கு மீற்றர் கிடையாது. சர்வதேச நோ ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய வரைவிலக்கணத்தின்படி நோ என்பது உடலுணர்வும் மனவுணர்வும் சேர்ந்த ஒரு விரும்பத்தகாத அனுபவம். அது எப்போதும் அவரவருக்கு உரியது, ஒருவர் நோகிறது என்றால் அந்தச் சொல்லை மதிக்கவேண்டும் என்றும் அந்தச் சங்கம் சேர்த்துச் சொல்கிறது. ஆகவே கேட்பதுதான் ஒரே வழி. 0 என்றால் நோவே இல்லை, 10 என்றால் நினைக்கக்கூடிய ஆகக்கடும் நோ, இப்போது எத்தனை? பொதுவாக 1 முதல் 3 வரை லேசு, 4 முதல் 6 வரை நடுத்தரம், 7 முதல் 10 வரை கடுமை என்று எடுத்துக்கொள்வார்கள்.

எங்கள் வாட்டுகளில் இது எப்படி நடக்கும் என்று தெரியும்தானே. காலையில் நேர்ஸ் வந்து, "அம்மா, பத்துக்கு எத்தனை நோ?" என்று கேட்கிறார். அம்மா கட்டில் கம்பியைப் பிடித்தபடி, முகத்தைச் சுளித்துக்கொண்டு, "பரவாயில்லை மிஸ்ஸி" என்கிறார். பத்துக்கு எத்தனை பரவாயில்லை? நேர்ஸுக்கு முப்பது பேர் பார்க்க இருக்கிறது. ஒரு 2 என்று எழுதிவிட்டுப் போவார். ஐந்து நிமிடம் கழித்து அந்த அம்மா மகளிடம், "பிள்ளை, உயிர் போகுது" என்பார். எங்கள் பெண்களுக்கு நோவைத் தாங்குவது ஒரு மரியாதை. அதுவும் கீழ்ப்பக்க நோ என்றால் வாயே திறக்காது. அந்த 2தான் ஆவணமாகிறது, அந்த 2ஐ வைத்துத்தான் மருந்தும் முடிவாகிறது, நாளைக்கு யாராவது ஆய்வு செய்தால் அந்த 2தான் தரவாகவும் போகும். கணிப்பு மாதிரிகள் பிழைப்பதற்கு இதைவிட எளிதான வழி இல்லை.

எப்போது கேட்கிறோம் என்பதும் முக்கியம். படுத்திருக்கும்போது 2, இருமினால் 6, கட்டிலை விட்டு எழும்பும்போது 7 என்றால் எதை எழுதுவது? அதனால்தான் நல்ல ஆய்வுகள் ஓய்விலும் அசையும்போதும் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்கின்றன. முதல் 24 மணித்தியாலம், ஒரு கிழமை, ஆறு கிழமை, மூன்று மாதம் என்று காலத்தையும் பிரிக்கின்றன. முதல்நாள் நோவைச் சொல்லும் காரணிகளும் மூன்றாம் மாத நோவைச் சொல்லும் காரணிகளும் ஓரளவுக்கு ஒன்றுபோல் இருந்தாலும், ஒன்றல்ல.

கணிப்பு என்றால் சாத்திரம் அல்ல

ஐப்பசியில் வானிலைத் திணைக்களம் வடக்கில் நாளை மழைக்கு 70 வீத வாய்ப்பு என்று சொல்கிறது என வைத்துக்கொள்வோம். நாளை மழை பெய்யாவிட்டால் அவர்கள் பொய் சொன்னதாக ஆகாது. 70 வீதம் என்று சொன்ன நாட்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால், நூறில் எழுபது நாள் மழை பெய்திருக்கவேண்டும். அப்படி இருந்தால் அந்தக் கணிப்பு நல்ல கணிப்பு. நோ கணிப்பும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. "உங்களுக்குக் கடும் நோ வர 40 வீத வாய்ப்பு" என்றால், உங்களைப் போன்ற நூறு பெண்களில் நாற்பது பேருக்கு வரும், அறுபது பேருக்கு வராது. நீங்கள் அந்த நாற்பதில் ஒருவரா என்று எந்தக் கணக்கும் சொல்லாது.

இந்த 40 எங்கிருந்து வருகிறது? ஒப்பரேசனுக்கு வரும் சில நூறு பெண்களிடம் முன்கூட்டியே பல விடயங்களைக் கேட்டுப் பதிகிறார்கள்: வயது, ஏற்கனவே உள்ள நோ, பயம், நித்திரை, எடுக்கும் குளிசைகள், செய்யப்போகும் சத்திரசிகிச்சை. ஒப்பரேசன் முடிந்ததும் அவர்களின் நோவைப் பதிகிறார்கள். எந்த விடயம் எவ்வளவு கனமாகப் பேசுகிறது என்று புள்ளிவிவர முறையில் நிறுக்கிறார்கள். கிடைத்த சூத்திரத்தை அதே பெண்களிடம் பரீட்சித்தால் அது எப்போதும் கெட்டித்தனமாகத்தான் தெரியும். தான் எழுதிய கேள்விக்குத் தானே விடை எழுதுவதுதானே. வேறு இடத்தில், வேறு பெண்களிடம் பரீட்சித்தால்தான் உண்மையான தரம் தெரியவரும். நெதர்லாந்திலோ அமெரிக்காவிலோ உருவான சூத்திரத்தை அப்படியே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து ஓடவிட்டால் எண்கள் சறுக்கலாம். அங்கே கொடுக்கும் நோமருந்து வேறு, அங்குள்ள பெண்கள் "எட்டு" என்று சொல்லும் தைரியமும் வேறு.

ஒரு சூத்திரம் எவ்வளவு நல்லது என்பதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. கடுமையாக நொந்த ஒரு பெண்ணையும் நோகாத ஒரு பெண்ணையும் குலுக்கல் முறையில் எடுங்கள். சூத்திரம் முதலாமவருக்கு உயர்ந்த எண்ணைக் கொடுத்திருக்கிறதா? எத்தனை தடவை சரியாகக் கொடுக்கிறது? நாணயம் சுண்டியது போலப் பாதிக்குப் பாதி என்றால் 0.5. ஒவ்வொரு முறையும் சரி என்றால் 1. நோ கணிக்கும் சூத்திரங்களில் பல 0.7ஐ ஒட்டி நிற்கின்றன. அதாவது, பத்துச் சோடிகளில் ஏழில் சரி, மூன்றில் பிழை. என் கணக்கில் இது உதவாக்கரை அல்ல. ஆனால் இதை நம்பி ஒருவருக்கு மருந்தைக் குறைக்கும் அளவுக்கு உறுதியானதும் அல்ல.

எவை பேசுகின்றன

2009இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பலவகைச் சத்திரசிகிச்சைகள் பற்றிய 48 ஆய்வுகளை, 23,000க்கு மேற்பட்ட நோயாளிகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. நான்கு காரணிகள் திரும்பத் திரும்ப மேலே வந்தன: ஏற்கனவே இருந்த நோ, பதற்றம், வயது, சத்திரசிகிச்சையின் வகை. ஆண் பெண் என்ற வேறுபாடு அந்த ஆய்வில் நிலையான காரணியாக நிற்கவில்லை. இடுப்புத்தளச் சத்திரசிகிச்சைக்கும் இதே நான்கையும் வைத்துத் தொடங்கலாம்.

ஏற்கனவே இருந்த நோ என்பது ஒப்பரேசன் செய்யப்போகும் இடத்து நோ மட்டும் அல்ல. வருடக்கணக்கான நாரி நோ, தலையிடி, மூட்டு நோ, மாதவிடாய் நாட்களில் சுருண்டு படுக்கவைத்த வயிற்று நோ எல்லாமே கணக்கில் வரும். காரணம் முதுகுத்தண்டிலும் மூளையிலும் இருக்கிறது. 1983இல் கிளிஃபர்ட் வூல்ஃப் என்ற ஆய்வாளர் எலிகளில் காட்டியது இது: தொடர்ந்து நோச்செய்தி வந்துகொண்டிருந்தால் முதுகுத்தண்டின் நரம்புக்கலங்களே மாறிவிடுகின்றன, சிறு தூண்டலுக்கும் பெரிதாக எதிர்வினை காட்டத் தொடங்குகின்றன. பல வருடம் நொந்த உடம்புக்குப் புதிய வெட்டு விழும்போது, அது முன்பே உசாராக இருக்கும் நரம்புகள்மேல் விழுகிறது. நோவை அந்தப் பெண் மிகைப்படுத்தவில்லை. அவருடைய நரம்பு மண்டலம் உண்மையிலேயே கூடுதலாக உணர்கிறது.

இடுப்புத்தளத் தசைகள் இதில் தனிக்கதை. ஒப்பரேசனுக்கு முன் உள்ளே பரிசோதிக்கும்போது, அந்தத் தசைகளை லேசாக அழுத்தினாலே ஒருவர் துள்ளுகிறார் என்றால், அவை ஏற்கனவே இறுகிப்போய் நிற்கின்றன. கீழே ஏதோ விழப்போகிறது என்ற பயத்தில் நாள்முழுக்க இறுக்கிப் பிடித்திருப்பவர்களுக்கு இது வரக்கூடும். அப்படிப்பட்டவருக்கு ஒப்பரேசனின் பின் நோ கூடலாம் என்று எதிர்பார்க்கவேண்டும். நல்ல செய்தி என்னவென்றால், இயன்மருத்துவரிடம் தளர்த்தும் பயிற்சி பெற்றால் இதை முன்கூட்டியே குறைக்கலாம். இறுக்கும் பயிற்சி எல்லோருக்கும் நல்லது என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். இவர்களுக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு.

வயது விடயத்தில் பலருக்கு ஆச்சரியம் வரும். இளையவர்களுக்குத்தான் நோ கூடுதலாகப் பதிவாகிறது. எழுபது வயது ஆச்சி எப்படித் தாங்குவார் என்று வீடே பயந்துகொண்டிருக்கும். அவர் எழும்பி நடந்துவிடுவார். நாற்பத்தைந்து வயது மகள்தான் படாதபாடு படுவார்.

பதற்றத்தை அளக்க ஒரு சின்ன வினாத்தாள் இருக்கிறது. 1996இல் நெதர்லாந்தில் உருவானது, ஆறே கேள்விகள்: மயக்கமருந்தைப் பற்றி யோசனையாக இருக்கிறதா, ஒப்பரேசனைப் பற்றித் திரும்பத் திரும்ப நினைக்கிறீர்களா, இன்னும் விளக்கம் வேண்டுமா என்ற தொனியில். இரண்டு நிமிடம்கூட எடுக்காது. அதைவிட ஆழமாகப் போவது 1995இல் கனடாவில் மைக்கேல் சலிவனும் சக ஆய்வாளர்களும் உருவாக்கிய 13 கேள்விகள். நோ வரும்போது "இது நிற்கவே போவதில்லை" என்று நினைக்கிறீர்களா, நோவைத் தவிர வேறொன்றும் மனதில் ஓடவில்லையா, என்னால் ஒன்றுமே செய்யமுடியாது என்று தோன்றுகிறதா என்று கேட்டு, 0 முதல் 52 வரை புள்ளி கொடுக்கும். நோவை இப்படி ஊதிப்பெருப்பிக்கும் மனப்போக்கு உள்ளவர்களுக்குப் பின்னர் நோ கூடுதலாக வருவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதைக் கேட்டவுடன் "அப்ப எல்லாம் மனப்பிரமைதானே" என்று புருசனோ மாமியாரோ சொல்லிவிடக்கூடாது. பயப்படும் மூளை நோச்செய்தியைக் குறைக்கும் தன் வேலையைச் சரியாகச் செய்வதில்லை. நோவு மெய்யானதுதான்.

நித்திரையும் இங்கேதான் வருகிறது. ஒப்பரேசனுக்கு முன் கிழமைக்கணக்கில் நித்திரை கெட்டவர்களுக்கும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கும் நோ அடங்குவது கடினம். யாழ்ப்பாணத்தில் இதை வெறும் வினாத்தாள் விடயமாக எடுக்கமுடியாது. இப்போது ஐம்பது அறுபது வயதில் இந்த ஒப்பரேசனுக்கு வரும் பெண்கள் 1995 இடப்பெயர்வில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாவகச்சேரிப் பக்கம் நடந்தவர்கள். 2009க்குப் பிறகும் காணாமற்போனவருக்காகக் காத்திருப்பவர்களும் அவர்களில் உண்டு. போர்க்காலத்தின் மனக்காயம் உடல் நோவாக வெளிப்படுவதைப் பற்றி இங்கேயே பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் விரிவாக எழுதியிருக்கிறார். "உங்களுக்கு நித்திரை எப்படி அம்மா?" என்ற கேள்விக்கு வரும் பதிலில் எத்தனை வருடம் அடங்கியிருக்கிறது என்று கேட்பவர் யோசிக்கவேண்டும்.

சின்ன விடயம் ஒன்று, எனக்கு மிகவும் பிடித்தது. கையில் கனுலா (மருந்து ஏற்றும் சிறு குழாய்) குத்தும்போது எவ்வளவு நொந்தது என்று கேட்டாலே பின்னால் வரப்போகும் நோவுக்கு ஒரு துப்புக் கிடைக்கிறதாம். பித்தப்பை ஒப்பரேசனுக்கு வந்தவர்களிடம் ஸ்வீடனில் பார்த்து 2016இல் வெளியிட்டார்கள்: ஊசி குத்தியபோது கூடுதலாக நொந்தவர்களுக்கு ஒப்பரேசனின் பின்னும் கூடுதலாக நொந்தது. எல்லோருக்கும் எப்படியும் குத்தத்தான் போகிறார்கள். கேட்கச் செலவே இல்லை. பித்தப்பைக்குச் சரியென்றால் இடுப்புத்தளத்துக்கும் அப்படியே சரி என்று அடித்துச் சொல்லமுடியாதுதான், ஆனால் கேட்டு வைப்பதில் நட்டம் ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டு அக்காவின் கதைக்கும் வருவோம். "முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் நாரி நோகும்" என்பதைக் கேட்காமல் எங்கள் ஊரில் யாரும் ஒப்பரேசனுக்குப் போவதில்லை. ஒப்பரேசனுக்காக இடுப்புக்குக் கீழே மரக்கச்செய்யும் ஊசி அது. போட்ட இடம் சில நாள் நோகலாம். ஆயுள்கால நாரி நோவுக்கு அதுதான் காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் நோகும் என்று உறுதியாக எதிர்பார்ப்பவருக்கு நோ கூடுவது மட்டும் நன்றாகவே காட்டப்பட்டிருக்கிறது. ஆகவே அந்தக் கதை ஊசியைவிடக் கூடுதலாக நோகப்பண்ணும்.

இரண்டு பெண்கள்

கற்பனையாக இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் நெடுந்தீவிலிருந்து வரும் 68 வயது அம்மா. கர்ப்பப்பை முழுதாக வெளியே வந்து நிற்கிறது. நான்கு படிநிலைகளில் நான்காவது. பாரமாக இருக்கிறதே தவிர நோவில்லை. இரவு ஒன்பதுக்குப் படுத்தால் விடியத்தான் எழும்புவார். "டொக்டர் பார்த்துச் செய்வார்தானே, எனக்கென்ன பயம்" என்கிறார். மற்றவர் கோண்டாவிலில் இருந்து வரும் 44 வயது ஆசிரியை. இறக்கம் இரண்டாம் படிநிலைதான். ஆனால் பத்து வருடமாக நாரி நோ, மாதம் இரண்டு மூன்று தடவை ஒற்றைத் தலையிடி, நித்திரைக்குளிசை போட்டால்தான் கண் மூடும். சிசேரியனுக்குப் பிறகு பட்ட நோவை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். உள்ளே பரிசோதிக்கும்போது தசைகள் நோகின்றன.

யாருக்குக் கூட நோகும் என்று வாட்டில் வாக்கெடுப்பு வைத்தால் பலர் முதலாமவரைக் காட்டுவார்கள். சூத்திரம் இரண்டாமவரைக் காட்டும். இறக்கத்தின் படிநிலைக்கும் நோவுக்கும் ஒப்பரேசனுக்கு முன்னரே பெரிய தொடர்பு இல்லை. பின்னரும் அது பெரிதாகப் பேசுவதில்லை.

இதைத் தெரிந்து என்ன செய்வது? ஆசிரியைக்குத் திகதிக்கு முன்னர் சில கிழமைகள் இருக்கின்றன. இயன்மருத்துவம், நித்திரைக்கு வழி, மயக்கமருந்து நிபுணரோடு ஆறுதலாக ஒரு பேச்சு. தியேட்டரில் முதுகு ஊசியோடு நோமருந்தும் சேர்க்கலாமா, வெட்டும் இடத்தில் மரப்பு ஊசி போடலாமா என்று முன்கூட்டியே திட்டமிடலாம். வாட்டில் பரசிட்டமோலும், சிறுநீரகம், வயிற்றுப்புண், ஆஸ்துமா என்று தடை ஒன்றும் இல்லாவிட்டால் டைக்குளோபெனாக் போன்றதும், நோ வந்தபின் கேட்டுக் கொடுக்காமல் நேரத்துக்கு நேரம். வெவ்வேறு விதமாக வேலைசெய்யும் மருந்துகளைச் சேர்த்தால் மோர்ஃபின் வகை மருந்தின் தேவை குறையும். அது குறைந்தால் மலச்சிக்கலும் குறையும். புதிதாகத் தைத்த பின்சுவரோடு முக்குவது எவ்வளவு கொடுமை என்பது பட்டவர்களுக்குத் தெரியும். மலத்தை இளக்கும் மருந்தை முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள்.

அப்போ நெடுந்தீவு அம்மாவுக்கு நோமருந்து குறைவாகக் கொடுக்கலாமா? இங்கேதான் கணிப்பை பிழையாகப் பாவிக்கும் ஆபத்து இருக்கிறது. குறைந்த வாய்ப்பு என்பது பூச்சியம் அல்ல. அடிப்படை மருந்து எல்லோருக்கும் ஒன்றுதான். கூடிய வாய்ப்பு உள்ளவருக்கு மேலதிகமாகச் சேர்ப்பதற்குத்தான் கணிப்பு. அதுவும் இந்த அம்மா குறிகட்டுவான் இறங்குதுறை வரை பஸ்ஸில் குலுங்கிப் போய், படகில் ஏறி இறங்கவேண்டியவர். இரவில் நோ கூடினால் ஆசிரியை முச்சக்கரவண்டி பிடித்துப் போதனா வைத்தியசாலைக்கு வந்துவிடுவார்; இவர் காலைப் படகுக்குக் காத்திருக்கவேண்டும். சூத்திரத்துக்குக் குறிகட்டுவான் தெரியாது. வீட்டுக்கு விடும்போது குளிசை போதியளவு கையில் இருக்கிறதா, தீவிலுள்ள வைத்தியசாலைக்குக் காட்டக் கடிதம் இருக்கிறதா என்று பார்ப்பது மனிதர்களின் வேலை.

இன்னொரு தவறும் நடக்கும். "இவவுக்கு எப்படியும் நோகும் என்று எழுதியிருக்கு" என்று, உண்மையான சிக்கலைக்கூடப் பழைய கணக்கில் சேர்த்துவிடுவது. கூடிய வாய்ப்பு உள்ள பெண்ணுக்கும் உள்ளே இரத்தம் கட்டலாம், கிருமி தொற்றலாம்.

பிறகு வரும் கணக்கு

ஒப்பரேசன் முடிந்ததும் கணிப்பு முடிந்துவிடாது; முதல் சில நாட்களின் நோவே அடுத்த கணிப்புக்கு உள்ளீடாகிறது. ஆரம்ப நாட்களில் கடும் நோ அடங்காமல் இருந்தவர்களுக்கு அது நாட்பட்ட நோவாக மாறும் வாய்ப்புக் கூடுதல். சத்திரசிகிச்சையால் வந்த, அல்லது அதனால் கூடிய நோ மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் அதைத் தனி நோயாகவே உலக சுகாதார அமைப்பின் புதிய நோய்ப்பட்டியல் வகைப்படுத்துகிறது. அதற்குள் எரிவு, கரண்ட் அடிப்பது போன்ற வெட்டு, விறைப்பு என்று சொன்னால் நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். பனடோலைக் கூட்டிக் கூட்டிப் போடுவதில் பயனில்லை, அதற்கு வேறு மருந்து. தாம்பத்தியத்தின்போது நோகிறது என்பதையும் ஆறு கிழமைக் கிளினிக்கில் சொல்லவேண்டும். பின்சுவரை இறுக்கித் தைத்தவர்களுக்கு அது வரக்கூடியதுதான், சிகிச்சையும் உண்டு. வெட்கத்தில் விழுங்கினால் கொப்பியில் "நலம்" என்று எழுதிவிடுவார்கள்.

வழமையான நோ நாளுக்கு நாள் இறங்கும். ஒரு நாள் கூட நடந்ததால் மறுநாள் கொஞ்சம் ஏறினாலும், கிழமைக் கணக்கில் பார்த்தால் இறக்கம்தான். இறங்கிக்கொண்டிருந்த நோ திடீரென ஏறினால், காய்ச்சலோ நாறும் வெள்ளைபடுதலோ சேர்ந்தால், மாதவிடாய்ப் பட்டையை நனைக்கும் அளவுக்கு இரத்தம் போனால், விலாப்பக்கமாகக் கடும் நோ வந்தால், சலம் போகாமல் அடிவயிறு உப்பினால், ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதை நொந்தால், பிட்ட நோ காலுக்கு இறங்கிக் கால் விறைத்தால், அன்றைக்கே காட்டுங்கள். நெஞ்சு நோவோ மூச்சுத் திணறலோ என்றால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் வரும். இவை எந்தச் சூத்திரத்திலும் அடங்காத நோக்கள்; கிளினிக் திகதி வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.